ஹனோய்: ஓடாமலும் நில்லாமலும் கடக்க வேண்டிய வீதிகள்

வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்குப் போகும் எவரது கண்ணிலும் முதலில் படுவது கோயிலோ ஏரியோ அல்ல, மோட்டார் சைக்கிள்களே. அந்நாட்டின் சனத்தொகை 2023 ஆம் ஆண்டில் பத்துக் கோடியைத் தாண்டியது. அங்கு பதிவு செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களின் தொகை ஏழு கோடிக்கும் மேல். குழந்தைகளையும் தள்ளாத முதியோரையும் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆளுக்கொன்று என்று சொல்லலாம். அவற்றில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஒரே சந்திக்கு வந்துவிட்டதோ என்று எண்ண வைக்கும் நகரம் ஹனோய்.

2024 நவம்பரில் நாங்கள் மூன்று பெண்கள் அங்கு போய் ஐந்து நாட்கள் தங்கினோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மற்றவர் தையற் பயிற்சி நிலையம் நடத்துபவர். மூன்றாவது ஆள் நான். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு பாதி, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தந்தது பாதி. யாத்திரைக்குத் தவிர வேறெதற்கும் வெளிநாடு போகாதவர்கள் நாங்கள். "கோயில் குளம் என்றால் சரி. சும்மா ஊர் பார்க்கவா போகிறீர்கள்?" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. ஊர் பார்ப்பதும் ஒரு படிப்புத்தான் என்பதை இந்தப் பயணம் காட்டியது. வாசகியருள் பலருக்கு இப்படிப் போகும் வாய்ப்பு உடனடியாகக் கிடைக்காமல் இருக்கலாம். அதனாலேயே கண்டதை இங்கு எழுதுகிறேன்.

வலப்பக்கமாக வரும் வண்டிகள்

எமது நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாக ஓடுகின்றன. வியட்நாமில் வலப்பக்கமாக ஓடுகின்றன. சொல்லும்போது சின்ன விடயம். வீதியோரத்தில் நிற்கும்போதுதான் அதன் கனம் தெரியும். வீதியைக் கடக்க முன் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து பழகிய கழுத்து தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. வண்டியோ இடப்பக்கத்திலிருந்து வருகிறது.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வழியிலேயே ஆச்சரியங்கள் தொடங்கிவிட்டன. ஒரு மோட்டார் சைக்கிளில் தாய், தகப்பன், நடுவில் இரண்டு பிள்ளைகள். இன்னொன்றில் மனித உயரத்துக்கு அடுக்கிய முட்டைத் தட்டுகள். மற்றொன்றில் ஒரு குளிர்சாதனப் பெட்டி கயிற்றால் கட்டப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது. ஓட்டுபவரின் முதுகை விடப் பெட்டி அகலம். வேறொருவர் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றைக் கையால் அணைத்துப் பிடித்தபடி பின்னால் இருக்கிறார். ஓட்டுபவர்களில் அரைவாசிப் பேராவது பெண்கள் போலத் தோன்றினார்கள். வெயில் படாமலிருக்க நீண்ட கைச் சட்டை, முகத்தை மூடிய துணி, அதற்கு மேல் தலைக்கவசம். கண்கள் மட்டுமே வெளியில் தெரிந்தன.

ஹோர்ன் சத்தம் ஓய்வதே இல்லை. எங்களுக்கு அது முதலில் கோபமாகக் கேட்டது. எமது வீதிகளில் ஒருவர் இரண்டு தரம் அழுத்தி அடித்தால் அடுத்தது ஏச்சு என்று பொருள். அங்கே அப்படியில்லை. "நான் உங்கள் பின்னால் வருகிறேன்" என்று அறிவிப்பதே அதன் வேலை. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முகம் சுளிப்பதுமில்லை.

எழுதி வைக்காத சட்டம்

நாங்கள் தங்கியது ஹொவான் கியெம் ஏரிக்கு வடக்கேயுள்ள பழைய நகரப் பகுதியில். "36 தெருக்கள்" என்று அழைக்கப்படும் இடம் அது. பட்டுக்கு ஒரு தெரு, வெள்ளி நகைக்கு ஒரு தெரு, சடங்குகளுக்கான கடதாசிப் பொருட்களுக்கு ஒரு தெரு என்று தொழில்களின் பெயராலேயே தெருக்கள் அழைக்கப்படுகின்றன. விடுதிக்கும் ஏரிக்கும் நடுவே ஒரே ஒரு வீதி. பாதசாரிக் கடவையும் உண்டு. ஆனால், வெள்ளைக் கோட்டைக் கண்டு எந்த வண்டியும் நிற்கவில்லை. ஆசிரியை அக்கா கையை உயர்த்திப் பார்த்தார். ஓடுபவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

விடுதியை நடத்தும் பெண்ணுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும். அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்:

ஓட வேண்டாம். ஓடினால் நீங்கள் அடுத்த நொடியில் எங்கே இருப்பீர்கள் என்று வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது.

நடுவில் நிற்க வேண்டாம். பின்வாங்கவே வேண்டாம். உங்களுக்குப் பின்னால் போவதற்குத்தான் அவர் ஏற்கெனவே வண்டியைத் திருப்பியிருப்பார்.

ஒரே வேகத்தில் மெதுவாக நடவுங்கள். வருபவரின் முகத்தைப் பாருங்கள். அவர் உங்களைக் கண்டுவிட்டால் விலகிப் போவார்.

பஸ்ஸுக்கும் காருக்கும் மட்டும் வழி விடுங்கள். அவை நினைத்தபடி வளைய மாட்டா.

நாங்கள் மூவரும் கைகோத்து இறங்கினோம். ஓடும் ஆற்றில் இறங்கியது போல இருந்தது. ஆற்றில் ஒரு கல் கிடந்தால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிப் போய் மறுபடி சேர்வதைக் கண்டிருப்பீர்கள். அப்படியே வண்டிகள் எங்களைச் சுற்றிப் போயின. மறுகரைக்குப் போனதும் தையல் அக்கா சொன்னார்: "ஒருத்தரும் எங்களுக்காக நிற்கேல்லை. ஆனா ஒருத்தரும் எங்களைக் காணாமலும் போகேல்லை."

அந்த ஒழுங்கின் இரகசியம் முழுவதும் இந்த வார்த்தையில் இருக்கிறது. நகரத்துக்குள் வண்டிகள் மிக வேகமாக ஓடுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் உள்ளவரைக் கவனிக்கிறார். பின்னால் வருபவரைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை, ஏனெனில் அந்தக் கவலை பின்னால் வருபவருடையது. வெளியாளுக்குக் குழப்பமாகத் தெரிவது உண்மையில் ஆயிரம் பேர் ஒருவரையொருவர் கண்ணால் அளந்துகொண்டு போகும் ஒரு ஒழுங்கு.

இதை அழகு என்று மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது. வியட்நாமில் 2024 ஆம் ஆண்டில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறந்தார்கள். 2007 டிசெம்பர் 15 முதல் எல்லா வீதிகளிலும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் வெறுந்தலையுடன் ஓடியவர்களே அதிகம். நாங்கள் திரும்பி வந்த பின், 2025 ஜனவரி 1 முதல் தண்டப்பணம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. சிவப்பு விளக்கில் நிற்காத மோட்டார் சைக்கிளுக்கு 40 இலட்சம் முதல் 60 இலட்சம் டொங் வரை. நடைபாதையில் ஏற்றி ஓடினாலும் அதே அளவு. டொங் என்பது அந்நாட்டுக் காசு. ஒரு இலட்சம் டொங் ஏறக்குறைய நான்கு அமெரிக்க டொலருக்குச் சமம். ஒரு கூலித் தொழிலாளிக்கு இது பெரிய அடி. எழுதி வைக்காத சட்டம் போதாத இடத்தில் எழுதிய சட்டம் வருகிறது.

கூப்பன் காலத்திலிருந்து

இத்தனை மோட்டார் சைக்கிள்கள் எப்படி வந்தன? 1975 ஏப்ரல் 30 இல் யுத்தம் முடிந்தபோது நாடு வறுமையில் இருந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்கு மேலாக அரிசி, இறைச்சி, துணி என எல்லாமே கூப்பனுக்குத்தான். ஹனோய் மக்கள் விடியப்புறத்திலேயே வரிசையில் நின்றார்கள். வீதியில் ஓடியவை சைக்கிள்கள். கூப்பனும் சங்கக்கடை வரிசையும் எமக்கும் பழக்கமானவை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தை மறந்தவர்கள் யார்?

1986 இல் "டொய் மொய்" என்ற புதுப்பித்தற் கொள்கை வந்தது. சிறு வியாபாரத்துக்கு வழி திறந்தது. 1994 இல் அமெரிக்கா தனது வர்த்தகத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டில் இரு நாடுகளுக்கும் இடையே இராசதந்திர உறவு ஏற்பட்டது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பங்கள் முதலில் வாங்கியது மோட்டார் சைக்கிள். அந்நாட்டின் தெற்கில் மோட்டார் சைக்கிளுக்கே "ஹொண்டா" என்று பெயராகிவிட்டது. பழைய நகரத்தின் வீடுகள் எமது ஒழுங்கைகளை விடவும் ஒடுங்கிய சந்துகளுக்குள் இருக்கின்றன. அங்கே கார் நுழையாது. பஸ்ஸும் வராது. நகரத்தின் முதலாவது மெட்ரோ ரயில் பாதை 2021 இல்தான் திறக்கப்பட்டது. எனவே பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், சந்தைக்குச் சரக்கு ஏற்றுவதும், வேலைக்குப் போவதும் இந்த இரண்டு சக்கரத்தில்தான். எமது ஊர்களில் ஸ்கூட்டர் வாங்கிய பிறகு பல பெண்களின் நாளாந்த வாழ்வு எப்படி மாறியது என்பதை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒருவரையும் கேட்டு நிற்காமல் மருந்தகத்துக்கும் வங்கிக்கும் போய்வர முடிவது சின்ன விடுதலை அல்ல.

காவுதடிப் பெண்கள்

அந்த நெரிசலுக்குள் சத்தமில்லாமல் நடந்து போகிறவர்களும் உண்டு. தோளில் காவுதடி, இரு முனையிலும் தொங்கும் கூடைகள், தலையில் கூம்பு வடிவான ஓலைத் தொப்பி. ஒரு கூடையில் அன்னாசி, மறு கூடையில் கத்தியும் தராசும். சிலர் சைக்கிளின் பின்புறம் முழுவதும் பூக்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தொப்பி செய்யும் ஓலையும் ஒரு பனை இனத்து ஓலைதான். ஆசிரியை அக்கா ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட பெண்களும் இந்த நுணுக்கத்தில இழைப்பினம்" என்றார்.

வியட்நாமிய மொழியில் நான், நீ என்று பேசுவது குறைவு. அக்கா, தங்கச்சி, மாமி, பாட்டி என்று உறவு சொல்லித்தான் பேசுகிறார்கள். முன்பின் தெரியாத வியாபாரியும் அக்காதான். அக்காவுக்கு அவர்கள் சொல் "ச்சி". கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எமது காதுக்கு ஏச்சாகக் கேட்பது அங்கே மரியாதை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அரிசி நூடில்ஸில் இறைச்சிச் சாறு ஊற்றிய "ஃபோ" தான் அவர்களின் காலை உணவு. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் "சாய்" என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். பௌத்த முறைப்படி மரக்கறி உணவு என்று பொருள். சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் மரக்கறி உணவுதான் உண்கிறார்கள். எமது அமாவாசை, பறுவ விரதம் போல.

இந்தப் பெண்களில் பலர் ஹனோய்க்காரர்கள் அல்லர். வயல் வேலை இல்லாத காலத்தில் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு வந்து, பள்ளிச் செலவுக்குக் காசு அனுப்புகிறார்கள். நடைபாதையைத் துப்புரவாக்கும் நடவடிக்கைகள் வரும்போது முதலில் கலைக்கப்படுபவர்களும் இவர்களே. சுற்றுலாப் பயணிகள் இவர்களை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் பழம் வாங்கினார்கள் என்று தையல் அக்கா எண்ணிப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேர்.

ஆமைகள் சுமக்கும் பெயர்கள்

இரண்டாம் நாள் இலக்கியக் கோயிலுக்குப் போனோம். 1070 ஆம் ஆண்டில் கன்பூசியஸுக்காக அமைக்கப்பட்ட இடம். பின்னர் அங்கே அந்நாட்டின் முதலாவது உயர்கல்விக் கூடம் உருவானது. முற்றத்தில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு கல் ஆமை முதுகில் சுமக்கிறது. அரச பரீட்சைகளில் தேறியவர்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. பட்டமளிப்பு உடையில் வந்த மாணவிகள் கூட்டங்கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்வெட்டுகள் உள்ளவையெல்லாம் ஆண்களின் பெயர்கள். பெண்கள் அந்தப் பரீட்சைக்குத் தோற்ற அனுமதி இருக்கவில்லை. இன்று அதே கல்லின் முன்னே பட்டம் பெற்ற பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். முப்பது ஆண்டுகள் படிப்பித்த அக்கா அந்த இடத்தை விட்டு வர மனமில்லாமல் நின்றார்.

பெண்களுக்கு ஒரு நூதனசாலை

ஏரிக்குத் தெற்கே, லீ துவோங் கியெத் வீதி 36 ஆம் இலக்கத்தில் வியட்நாமியப் பெண்கள் நூதனசாலை இருக்கிறது. 1995 இல் திறக்கப்பட்டது. ஹனோய்க்குப் போகும் பெண்கள் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. குடும்பம், வரலாறு, உடை என்று பகுதிகள் பிரிக்கப்பட்டுள்ளன. பிள்ளைப்பேறு, கலியாணம், வயல் வேலை, மீன்பிடி எல்லாமே அங்கு காட்சிப்பொருள். காவுதடியும் கூடையும்கூட மரியாதையாக வைக்கப்படும் இடம். எமது வீடுகளில் பரணில் போட்டு வைக்கும் சாமான்கள் போன்றவை அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன.

வரலாற்றுப் பகுதியில் நாங்கள் அதிக நேரம் நின்றோம். கி.பி. 40 இல் சீன ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த ட்ருங் சகோதரிகள் முதல், 1973 ஜனவரி 27 இல் பாரிஸ் சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்ட ஒரே பெண்ணான நுயென் தி பின் வரை நீளும் வரலாறு அவர்களுடையது. அந்த வரலாற்றில் வீதிக்கும் ஒரு இடமுண்டு. நாட்டின் மத்திய பகுதியிலுள்ள டொங் லொக் சந்தியை அமெரிக்க விமானங்கள் ஓயாது தாக்கின. தெற்கே போகும் பாதை அது. குண்டு விழுந்த குழிகளை உடனுக்குடன் மூடி வண்டி ஓட வைக்கும் வேலையை இளம்பெண்கள் செய்தார்கள். 1968 யூலை 24 இல் அந்த வேலையில் இருந்த பத்துப் பெண்கள் ஒன்றாக இறந்தார்கள். ஒருவருக்கும் இருபத்தைந்து வயது ஆகவில்லை. இன்றைக்கு அந்நாட்டின் வீதிகளில் ஓடும் வண்டிகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அவற்றில் ஒரு பாதை மண்வெட்டி பிடித்த பெண்பிள்ளைகளால் திறந்து வைக்கப்பட்டது என்பதையும் அறிய வேண்டும்.

யுத்தத்தில் தம் ஒரே பிள்ளையையோ பல பிள்ளைகளையோ பறிகொடுத்த பெண்களுக்கு "வீர வியட்நாமியத் தாய்" என்ற பட்டத்தை 1994 இல் அந்த அரசு ஏற்படுத்தியது. அவர்களுள் ஒருவர் நுயென் தி து. ஒன்பது மகன்மாரையும் ஒரு மருமகனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் இழந்தவர். 2010 இல் நூறு வயதைத் தாண்டிக் காலமானார். அவரது முகத்தை மாதிரியாகக் கொண்டு தாம் கி என்ற ஊரில் ஒரு பெரிய நினைவுச் சிலை எழுப்பப்பட்டு 2015 இல் திறக்கப்பட்டது. ஒன்பது பிள்ளைகள் என்று வாசித்ததும் நாங்கள் மூவரும் ஒன்றும் பேசவில்லை.

பேசாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த யுத்தத்தில் வியட்நாமியரே இரு பக்கமும் நின்றார்கள். தெற்கின் படையில் இறந்த பிள்ளைகளுக்கும் தாய்மார் இருந்தார்கள். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, சிலையும் இல்லை. சைகோனுக்கு அருகே பியென் ஹொவாவில் அந்தப் படையினரின் பெரிய மயானம் ஒன்று உண்டு. 2006 வரை அது இராணுவத்தின் கையில் இருந்தது. தோற்ற பக்கத்து ஆண்கள் பெருந்தொகையாக "மறுகல்வி" முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மனைவிமார் வீட்டில் பிள்ளைகளையும் பார்த்து, சாப்பாட்டுப் பொதியோடு அந்த முகாம்களைத் தேடியும் அலைந்தார்கள். ஒரே தாய்க்கு இரு பக்கத்திலும் மகன்மார் இருந்த வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட தாய் ஒரு மகனின் படத்துக்கு எல்லோரும் காண விளக்கேற்றலாம்; மற்ற மகனுக்கு மனதுக்குள்தான் ஏற்ற வேண்டும். இந்தக் கதையை விளங்கிக்கொள்ள எமக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை.

ஒரே திதி உள்ள வீதி

காம் தியென் வீதி ரயில் நிலையத்துக்குத் தெற்கேயுள்ள ஒரு கடைத்தெரு. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை. சப்பாத்துக் கடை, சட்டைக் கடை, கைத்தொலைபேசிக் கடை, இடைவெளியில்லாத மோட்டார் சைக்கிள் ஓட்டம். 1972 டிசெம்பர் 18 முதல் 29 வரை, நத்தார் தினம் ஒன்றைத் தவிர, அமெரிக்காவின் பி-52 விமானங்கள் ஹனோய் மீது குண்டு பொழிந்தன. டிசெம்பர் 26 இரவு இந்த வீதியில் விழுந்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். அந்த நாட்களில் ஹனோயின் நடைபாதைகளில் ஒருவர் மட்டும் இறங்கி நிற்கக்கூடிய சீமெந்துக் குழிகள் இருந்தன. மேலே ஒரு மூடி. சைரன் கேட்டால் அருகிலிருக்கும் குழிக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொள்ள வேண்டும். முற்றத்திலும் தென்னையடியிலும் நாங்கள் வெட்டிய பங்கர்களை நினைத்துக்கொண்டேன். எங்களுடையவற்றில் குடும்பத்தோடு இருக்கலாம். அங்கே ஆள் தனியே நிற்க வேண்டும்.

51 ஆம் இலக்கத்தில் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு நினைவிடம். கையில் இறந்த குழந்தையை ஏந்தியபடி நிற்கும் பெண்ணின் சிலை. இரு பக்கமும் கடைகள். வண்டிகள் அதன் முன்னால் ஒரு நொடியும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. வியட்நாமியர் இறந்தவர்களின் ஆண்டு நினைவை எமது திதியைப் போலவே சந்திர நாட்காட்டிப்படி செய்கிறார்கள். காம் தியெனில் பல வீடுகளுக்கு ஒரே திதி. எமது ஊர்களிலும் அப்படி உண்டு. ஒரே நாளில் ஒழுங்கை முழுவதும் திவசம் நடக்கும் ஊர்களை நாம் அறிவோம்.

நான் அங்கே எதிர்பார்த்தது மௌனத்தை. இருந்தது விற்பனையும் ஹோர்ன் சத்தமும். முதலில் அது மனதுக்குச் சரியாகப் படவில்லை. சற்று நேரம் நின்று பார்த்தேன். பக்கத்துக் கடைப் பெண் தன் கடைக்கு முன் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தி, நினைவிடத்தின் வாசலுக்கு வழி விட்டுத் திரும்ப நிறுத்தினார். பிறகு போய் வியாபாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். வீதி நிற்கவில்லை. ஆனால், அந்தத் தாயைக் காணாமலும் போகவில்லை.

இடப்பக்கம் ஓடும் பாலம்

கடைசி நாள் மாலை லோங் பியென் பாலத்துக்குப் போனோம். செந்நதியின் மேல் பிரெஞ்சுக்காரர் 1899 இல் தொடங்கி 1902 இல் கட்டி முடித்த இரும்புப் பாலம். 1967 இலும் 1972 இலும் குண்டுவீச்சில் பல பகுதிகள் உடைந்து விழுந்தன. ஒவ்வொரு முறையும் திருத்தினார்கள். பழைய வளைவு ஒரு துண்டு, புதிதாகப் போட்ட நேர் இரும்பு ஒரு துண்டு என்று ஒட்டுப்போட்ட சீலை போல நிற்கிறது. நடுவில் ரயில் பாதை. இரு கரையிலும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் நடப்பவர்களும்.

நாடு முழுவதும் வலப்பக்கம் ஓடும் வண்டிகள் இந்தப் பாலத்தில் மட்டும் எமது நாட்டைப் போல இடப்பக்கம் ஓடுகின்றன. ஐந்து நாட்களாகக் குழம்பியிருந்த கழுத்துக்கு அங்கேதான் நிம்மதி கிடைத்தது. கீழே நதியின் நடுத்திட்டில் தோட்டங்கள். இரண்டு மாதத்துக்கு முன், செப்டெம்பரில் வீசிய யாகி சூறாவளியில் செந்நதி பெருகிக் கரையோரங்களை மூடியிருந்தது. அதே மண்ணில் திரும்பவும் மரக்கறி பச்சையாக நின்றது. பாலத்தின் அடியில் பழச் சந்தை. இரவு முழுவதும் நடக்கும் அந்தச் சந்தையில் வண்டில் தள்ளிப் பெட்டி சுமக்கும் கூலிகளில் பலர் பெண்கள்.

பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஹனோயின் வீதிகளைப் பைத்தியக்கார வீதிகள் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஐந்து நாட்கள் நடந்து பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரையும் நிற்க வைக்காமல், ஒருவரையும் மிதிக்காமல் ஒரு கூட்டம் போக வேண்டுமானால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கண்ணால் காண வேண்டும். அந்த ஊரின் வீதி அதைச் செய்கிறது. நினைவுச் சின்னங்களில் அந்த நாடு பாதியைத்தான் செய்திருக்கிறது. வென்றவர்களின் தாயைக் கண்டிருக்கிறது. தோற்றவர்களின் தாயை இன்னும் சரியாகக் காணவில்லை. யுத்தம் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆன பின்பும்.

எமது நாட்டிலும் வீதியோரத்தில் தாய்மார் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அவர்கள் அமர்ந்தார்கள். முன்னால் ஏ-9 வீதி. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகும் பஸ்கள் அவர்களைக் கடந்து போயின. பஸ் யன்னலோரத்தில் இருந்து நாங்களும் பல தடவை போயிருக்கிறோம். அவர்கள் கேட்பது வண்டிகளை நிறுத்தும்படி அல்ல; தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் காணும்படி. ஏ-9 ஆல் போகிறவர்களும், அந்த வீதிக்குப் பொறுப்பான அரசும் அதையாவது செய்யலாம்.